வற்றத்தில் வந்து பாருங்கள்

அதிகாரிகள் வந்தபோது எண்ணூரில் எங்கள் ஆறு நிறைந்து கிடந்தது. காலை பதினொன்றரை மணி. கடல் ஏற்றம் முழுசாக ஏறி, பாலத்துத் தூண்களைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. மூன்று பேர் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். கரையில் நின்று பார்த்தார்கள், இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள், இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் மனு கொடுத்திருந்தது தண்ணீருக்கு அடியில் படிந்து கிடக்கும் அனல் மின் நிலையச் சாம்பலைப் பற்றி. ஆறு வாரம் கழித்து வந்த பதிலில், நேரில் ஆய்வு செய்ததில் சாம்பல் படிவு ஏதும் தென்படவில்லை என்று இருந்தது.

அவர்கள் பொய் எழுதவில்லை. அன்றைக்குத் தென்படவில்லைதான். கடல் இறங்கித் தண்ணீர் வடிகிற வற்றம் மாலை ஐந்தே முக்காலுக்கு. அந்த நேரத்துக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு இறங்கியிருந்தால், கணுக்கால் வரை சிமென்ட் நிறத்தில் ஒட்டியிருக்கும். மனுவில் அந்த ஒரு வரியை எழுத எனக்குத் தோன்றவில்லை. இது 2019இல். அந்தக் கடிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் பில்லிங் பார்க்கிறேன். வண்டி நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், சீல் நம்பர், எடை, இதெல்லாம் இல்லாத சீட்டைக் கையில் வாங்க மாட்டேன். பிறந்து வளர்ந்தது எர்ணாவூர். கடலையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தும், அவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்காமல் முப்பது வயதைக் கடந்தேன்.

2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் எங்கள் கரைக்குத்தான் வந்தது. கருங்கல் தடுப்பின் இடுக்குகளில் தார்போலக் கெட்டியாக நின்றது. கல்லூரிப் பிள்ளைகள், மீனவர்கள், அரசு ஆட்கள் எல்லோரும் வரிசையாக நின்று பக்கெட்டில் மொண்டு கை மாற்றினார்கள். நானும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு நின்றேன். மூன்றாவது வாரம் ஒருவர் வந்து, எந்த இடத்தில் எத்தனை ஆமை ஒதுங்கியது, எந்தத் தேதியில் என்று கேட்டார். ஆளுக்கொரு கணக்கு சொன்னோம். ஒருவர் ஐந்து என்றார், இன்னொருவர் இருபது என்றார். எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை. நாள் முழுக்க எண்ணிக்கையோடு வாழ்கிற எனக்கு அது ரொம்ப உறுத்தியது. அடுத்த வருடம் ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

எண்ணூர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாயும் இதில்தான் கலக்கிறது. வடக்கே காட்டுப்பள்ளிக்குப் பின்புறமாக உப்புத்தண்ணீர் பழவேற்காடு ஏரி வரை போகிறது. புத்தகத்தில் கழிமுகம், கழிவெளி என்று இருக்கும். இங்கே தொழில் செய்கிறவர்களுக்கு இது 'ஆறு', அவ்வளவுதான். இறால், மடவை, கிழங்கான், கொடுவா, களிநண்டு எல்லாம் இந்த ஆறு தந்தது. கடலில் பிடிபடும் இறாலும் மீனும் பலவும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது இது மாதிரியான ஆழமில்லாத சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கிடையிலும்தான். அதே ஆற்றைச் சுற்றித்தான் அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், நிலக்கரிக் கிடங்குகள், எண்ணெய்க் குழாய்கள்.

முதல் வருடம் நான் செய்தது பறவைக் கணக்கு. ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஒரு வாரம் காலை ஆறு மணி, ஒரு வாரம் பத்து மணி. ஒரு நாள் பாலத்தின் மேல், ஒரு நாள் படகில். கூழைக்கடா, நீர்க்காகம், சின்னக் கொக்கு, பவளக்கால் உள்ளான், ஆலா, செம்பருந்து எல்லாம் வரிசையாக எழுதினேன். நாற்பது பக்கம் நிறைந்தது. கடலியல் படித்த ஒரு பெண் அதைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல போன மாசத்தையும் இந்த மாசத்தையும் எப்படி ஒப்பிடுறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. உள்ளானும் உப்புக்கொத்தியும் வற்றத்தில் திறக்கிற சேற்றில்தான் மேயும். ஏற்றத்தில் போனால் அவை வேறெங்கோ ஒதுங்கியிருக்கும். நான் ஏற்றத்தில் போன வாரம் பறவை குறைவு என்று எழுதியிருந்தேன். குறைந்தது பறவை இல்லை, தரை.

இதை மாமாவிடம் சொன்னபோது சிரித்தார். மாமா என்றால் சொந்த மாமா இல்லை, காட்டுக்குப்பத்துக்காரர், அப்பாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். "அமாவாசை, பௌர்ணமிக்கு வெள்ளம் ஜாஸ்தி ஏறும், ஜாஸ்தி வத்தும். எட்டாம் நாள் சுரத்தே இருக்காது. இத்த வுட்டுட்டு இன்னாத்தம்மா நோட்டு போட்ட?" என்றார். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மீட்டர் சொச்சம்தான். ஆனால் சமதளமான சேற்றில் ஒரு மீட்டர் தண்ணீர் இறங்கினால் எத்தனையோ ஏக்கர் தரை வெளியே வந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். சுமார் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே நேரத்துக்குத் திரும்பி வரும். அப்புறம் நான் வாரா வாரம் போவதை விட்டேன். காலையில் வற்றம் விழுகிற ஞாயிறு மட்டும், மாதத்துக்கு இரண்டு தடவை, ஐந்தே ஐந்து இடம். ஒவ்வொன்றுக்கும் அசையாத ஓர் அடையாளம்: பாலத்தின் மூன்றாவது தூண், ஒரு மின்கோபுரம், பழைய உப்பளத்து வரப்பு, அலையாத்தி மரம் ஒன்று, முகத்துவாரத்துக் கல். ஓர் இடத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று எழுதுகிறேன். இந்தப் பூஜ்ஜியம் முக்கியம். முதல் வருட நோட்டில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அன்றைக்கு அது வரவில்லையா, நான்தான் பார்க்கவில்லையா என்று இன்றைக்கு எனக்கே தெரியாது.

பறவைக் கணக்கைப் பதிகிற ஈபேர்ட் செயலியில் இப்போது எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறேன். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்கிறேன். ஆனாலும் நோட்டை விடவில்லை. செயலியில் ஏறாத விஷயம் நிறைய இருக்கிறது: தண்ணீர் கைக்குச் சூடாக இருந்ததா, என்ன வாடை, யார் வலை போட்டார்கள், என்ன கிடைத்தது.

சாம்பல் கதைக்கு வருகிறேன். நிலக்கரியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் ஆற்றைக் கடந்து போகிறது. குழாய் ஒழுகினால் சாம்பல் ஆற்றில். வருடக் கணக்கில் இப்படித்தான். மேலே தண்ணீர் தெளிவாகத் தெரியும், அதனால் போட்டோ எடுத்தால் ஒன்றும் விளங்காது.

ஒன்றேகால் அங்குல பிவிசி பைப் மூன்றடி வாங்கினேன். ஒரு முனையை ரம்பத்தால் சாய்வாக அறுத்துக்கொண்டோம். வற்றத்தில் இறங்கி, பைப்பைச் செங்குத்தாகச் சேற்றில் அழுத்த வேண்டும். போகும் வரை போகட்டும். பிறகு மேல் வாயை உள்ளங்கையால் இறுக்கமாகப் பொத்திக்கொண்டு மெதுவாகத் திருகி இழுத்தால், உள்ளே இருக்கும் மண் விழாமல் வந்துவிடும். கரைக்கு வந்து ஒரு வெள்ளைச் சாக்கை விரித்து, ஒரு கம்பால் பின்னாலிருந்து தள்ள வேண்டும். முதல் தடவை அது வெளியே வந்து படுத்ததைப் பார்த்து மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மேலே ஒரு சாணுக்கும் அதிகமாகச் சாம்பல் நிறம். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கியது, துளி மண்வாசனை கிடையாது. அதற்குக் கீழே கத்தியால் கோடு போட்ட மாதிரி ஒரு பிரிவு. அதற்கும் கீழே கறுப்புக் களி, அழுகிய முட்டை வாடை. அந்தக் களிக்குள் மட்டியின் ஓடு, உடைந்தும் உடையாமலும். மாமா ஓர் ஓட்டை எடுத்துத் தண்ணீரில் கழுவினார். "இங்க மட்டி இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. இதோ கெடக்குது பாரு" என்றார்.

அந்தக் கறுப்புக் களியின் வாடையைப் பலரும் அழுக்கு என்று நினைப்பார்கள். அது அழுக்கு இல்லை. காற்றில்லாத சேற்றில் இலையும் வேரும் மட்கும்போது வருகிற வாடை அது. புழுவும் மட்டியும் இறாலும் பிழைக்கிற தரைக்கு இந்த வாடை உண்டு. வாடையே இல்லாத அந்த மேல் அடுக்குதான் பயப்பட வேண்டியது.

மரச் சட்டம் ஒன்றில் அங்குலம் குறித்து, அதைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். ஒரு சீட்டில் தேதி, நேரம், இடம் எழுதி அதுவும் படத்துக்குள் வரும்படி வைத்தோம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவை குத்த வேண்டும், ஒரு தடவை குத்தியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அந்தக் கடலியல் பெண்தான் கற்றுக்கொடுத்தாள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தச் சேற்றில் தனியாக இறங்கவே கூடாது. சில இடத்தில் தொடை வரை உள்ளே இழுக்கும். அங்கே தொழில் செய்கிறவர் முன்னால் போக, அவர் கால் வைத்த இடத்தில்தான் நாம் கால் வைக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் காலை உதறாமல் பின்னால் சாய்ந்து படுத்துவிட வேண்டும்.

இதே சாம்பலுக்காக மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2022இல் தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. அந்த வழக்கில் என் பங்கு ஒன்றுமில்லை. எனக்குப் பல வருடம் முன்பிருந்தே மனு, வழக்கு, அலைச்சல் என்று நின்றவர்கள் இந்தக் குப்பத்து ஆட்கள். அவர்கள் சொன்னதைத்தான் பைப்பில் பிடித்துக் காட்டினோம்.

இப்போது என் தவறு ஒன்று. அத்திப்பட்டுப் பக்கம் ஒரு இருளர் அக்கா இருக்கிறார். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, வாயில் பறி என்கிற கூடையைக் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார். வலை கிடையாது, படகு கிடையாது. சேற்றில் இறால் பதுங்கிய குழி அவர் விரலுக்குத் தெரியும். சாம்பல் தரைக்கு வந்ததும், "இதுல நிக்காது. இறாலுக்குப் பொதையத் தெரியணும்ல, இது மூடிக்கும்" என்று சொல்வார். எந்தக் கருவியும் இல்லாமல் இந்த ஆற்றின் அடித்தரை முழுக்க அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் அவர் பறி நிறைந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பில் போட்டேன். ஆற்றில் இன்னும் உயிர் இருக்கிறது என்று காட்ட ஆசை. அடுத்த வாரமே வெளியிலிருந்து ஆட்கள் அந்த இடத்தில் சின்னக் கண்ணி வலையோடு வந்துவிட்டார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அவர் குடும்பத்துக்கு அது சோற்றுக் கணக்கு. அதிலிருந்து, தொழில் இடத்தின் பெயரை வெளியே எழுதுவதில்லை. என் நோட்டில் அதற்கு ஓர் எண் மட்டும் இருக்கும். எதையாவது வெளியிடுவதற்கு முன், அந்த இடத்தில் பிழைக்கிறவரிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். ஆமை முட்டையிட்ட இடத்துக்கும் இதேதான்.

காக்கா ஆழி என்கிற சிப்பியை முதலில் சொன்னதும் அந்த அக்காதான். கறுப்பாக, நகம் அளவில், கொத்துக் கொத்தாகப் பாலத்துத் தூணில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் தரையிலும் பாய் விரித்த மாதிரி பரவியது. காலைக் கிழிக்கும். அது படர்ந்த இடத்தில் இறாலுக்குப் புதைய மண் இல்லை, மட்டிக்கு மூச்சு விட இடமில்லை. காக்கா நிறம் என்பதால் இவர்களே வைத்த பெயர் அது. விஞ்ஞானப் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா, சொந்த ஊர் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் பரவியிருக்கிறது. கப்பல்கள் எடை சமநிலைக்காக ஓர் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றும் கடல்நீரை இன்னோர் ஊரில் இறக்கும். அதில் இந்த மாதிரி உயிர்களின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் பயணம் செய்யும். அந்த நீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அக்கா எந்த வருடம், எந்தத் தூணில் முதலில் பார்த்தேன் என்று சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்தேன். ஓர் அந்நிய உயிரினம் எப்போது, எங்கே முதலில் தென்பட்டது என்ற தகவல்தான் ஆராய்ச்சிக்காரர்கள் தேடி அலைகிற தகவல். அது பல வருடமாக இங்கே பறியோடு உட்கார்ந்திருந்தது, கேட்க ஆள் வரவில்லை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் ஆற்றுக்கு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மரங்களில் மார்பளவு உயரத்துக்கு ஒரே நேராகக் கறுப்புக் கோடு. அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்குமே, அவை எல்லாம் எண்ணெயில் தோய்த்து நட்ட மாதிரி நின்றன. அந்த வேர் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது.

வலைக்கம்பு ஒன்றின் மேல் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. வயிறும் இறக்கையின் அடிப்பக்கமும் பழுப்பு. அலகால் இறகைக் கோதும், நிறுத்தும், மறுபடி கோதும். இறகின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் பட்டால் அந்தக் கொக்கி விட்டுப்போகும், உடம்பு நனையும், சூடு போய்விடும். பறவை அதைச் சரி செய்யத்தான் கோதுகிறது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றோம். பக்கத்தில் போனால் பறக்கப் பார்க்கும், பறக்க முடியாமல் எண்ணெய்த் தண்ணீரிலேயே விழும். மாமா ஒரு மீனை எறிந்து பார்த்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம் நல்ல மனசோடு பலரும் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், எங்கே இருப்பவருக்கும் நாளைக்குத் தேவைப்படலாம். எண்ணெய் பட்ட பறவையைத் துரத்தக் கூடாது. கைக்குக் கிடைத்துவிட்டால் உடனே கழுவக் கூடாது. களைத்துப்போன பறவை கழுவும்போதே செத்துவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், வெளிச்சமும் சத்தமும் படாமல், கதகதப்பாக வைத்து வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கழுவுவது பழகியவர்கள் வேலை. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தார் போகும் என்று சொல்லி ஒருவர் எடுத்துக்கொண்டு வந்தார். கூழைக்கடாவின் அலகை இறுக்கிக் கட்டிவிடவும் கூடாது. அதற்கு வெளி மூக்குத் துவாரம் மூடியிருக்கும், வாயால்தான் மூச்சு விடுகிறது. பிடிக்கிறவர் அலகுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். எங்கள் பகுதி எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று தெரியாமல் நாலு இடத்துக்கு போன் அடித்து ஒரு காலைப்பொழுது போயிற்று. உங்கள் ஊருக்கான எண்ணை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் முழுக்க அதே ஐந்து இடம், அதே பதினைந்து நிமிடம். எண்ணெய் பட்ட பறவை எத்தனை, படாதது எத்தனை என்று தனித்தனியாக எழுதினோம். படாததையும் எண்ணுவது மனசுக்குக் கஷ்டம், கண் எப்போதும் எண்ணெய் பட்ட பறவைமேல்தான் போகும். ஆனால் இரண்டும் இருந்தால்தான் எத்தனையில் எத்தனை என்று சொல்ல முடியும். அதற்கு முந்தைய டிசம்பர்களும் நோட்டில் இருந்தன. எங்களிடம் கணக்கு கேட்டு வந்தவர்களிடம் இந்தத் தடவை ஆளுக்கொன்று சொல்லவில்லை. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்துக்கு எதிரே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கைக்குழந்தையோடு நடுராத்திரி ஓடினார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். எழுத முடியவில்லை.

2025 ஜனவரியில் ஆமைகள். பங்குனி ஆமை என்று இங்கே சொல்கிற ஆலிவ் ரிட்லி ஆமை, முட்டையிடக் கரையைத் தேடி வருகிற காலம் அது. அந்த ஒரு மாதத்தில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. வடசென்னையில் அவை ஏறி முட்டையிட மணலே பெரிதாகக் கிடையாது. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வருகிற மணல் அங்கேயே தடுக்கப்பட்டு, மெரினா அகலமாகி, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரித்து, கருங்கல் கொட்டியிருக்கிறது. அந்தக் கல் இடுக்குகளில்தான் உடல்கள் மாட்டிக்கொண்டன.

ஆமை கடலில் வாழ்ந்தாலும் நம்மைப்போலக் காற்றை மூச்சு வாங்குகிற பிராணி. விசைப்படகு இழுக்கிற இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூழ்கித்தான் சாகும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், தொழில் செய்யக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. ஆமை தப்பிக்க வலையில் வழி வைக்கும் கருவியும் இருக்கிறது. சட்டம் இல்லாமல் இவை சாகவில்லை. சின்ன ஃபைபர் படகுக்காரர்களையும் சேர்த்து 'மீனவர்கள் ஆமையைக் கொல்கிறார்கள்' என்று பேசியவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. தங்கள் சின்ன வலையை அறுத்து ஆமையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தையற்கடை டேப்பால் ஓட்டின் வளைவோடு நீளம் அளந்தோம். முன்னும் பின்னும் படம். கண் பிதுங்கியிருக்கிறதா, கழுத்து வீங்கியிருக்கிறதா, துடுப்பில் கயிறு வெட்டிய தடம் இருக்கிறதா. எண்ணி முடித்த ஒவ்வோர் ஓட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு. இல்லாவிட்டால் அடுத்த அலையில் ஒரு பர்லாங் தள்ளி ஒதுங்கும் அதே உடலை மறுநாள் வேறொருவர் இன்னொன்று என்று எண்ணிவிடுவார். செத்த ஆமையாக இருந்தாலும் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிற உயிர். அறுப்பதும் புதைப்பதும் வனத்துறை, கால்நடை மருத்துவர் வேலை. நாம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நாற்றத்தில் காத்திருப்பது சுலபம் இல்லை.

மனு, தகவல் கேட்பது, கூட்டத்தில் பேசுவது இதெல்லாம் நான் பழகியது தாமதமாகத்தான். முதல் மனுவில் சாம்பல், மின் நிலையம் விடுகிற சுடுதண்ணீர், எண்ணெய், குப்பை, தெருவிளக்கு வரை எழுதி நாலு பக்கம் கொடுத்தேன். அது ஐந்து அலுவலகம் சுற்றிவிட்டு, யாருடைய வேலையும் இல்லை என்று திரும்பி வந்தது. இப்போது ஒரு மனுவுக்கு ஒரே விஷயம், ஒரே பக்கம், கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரி. நகலில் சீலும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை என்பார்கள். ஆவணத்தைக் கேட்க வேண்டும்: இந்தத் தேதியிட்ட ஆய்வறிக்கையின் நகல், இந்த எண்ணுள்ள கோப்பின் குறிப்புகள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு, வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எண்ணூருக்கு இந்தச் சட்டம் செய்தது சின்ன விஷயம் இல்லை. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல வரைபடத்தில் இந்த ஆறு, கட்டுமானம் கூடாத முதல் வகை நிலமாக இருக்கிறது. ஆனால் பின்னால் காட்டப்பட்ட ஒரு வரைபடத்தில் ஆறே இல்லை. இப்படி இரண்டு வரைபடம் இருப்பது வெளியே வந்தது தகவல் கேட்டவர்களால்தான். அந்தப் பழைய வரைபடத்தின் நகலைப் பார்த்தபோது மாமா விரல் வைத்துக் குப்பங்களைத் தேடினார். தன் ஊருக்குப் பின்னால் நீல நிறம் இருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் சத்தம் போடுகிற இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். சத்தம் போட வேண்டிய வேதனை இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், எழுத்து மூலமாகவும் கருத்து கொடுக்கலாம். கூட்டம் முடிகிறபோது பேசியதன் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் பாதிப் பேர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் போன ஒரு கூட்டத்தில், திட்ட அறிக்கையின் பறவைப் பட்டியலில் கூழைக்கடாவே இல்லை. இரண்டு வருட நோட்டை நகல் எடுத்து, எந்தெந்தத் தேதியில் எங்கே எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் வாசித்தபோது அது விட்டுப்போயிருந்தது. எழுந்து நின்று சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் அது பதிவிலேயே இருந்திருக்காது.

போன மாதம் ஆற்றில் தொழில் செய்கிறவர்களை அழைத்து ஓர் அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். எனக்கு யார்டில் மாதக் கடைசி, போக முடியவில்லை. முந்தைய நாள் ராத்திரி மாமா எங்கள் வீட்டுக்கே வந்து நோட்டைக் கேட்டார். மூன்று நோட்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கவருக்கு மேல் அத்தை ஒரு துண்டையும் சுற்றிக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "எப்போலேர்ந்து சாம்பல்னு கேட்டாங்கமா. பைப் போட்டோ இருக்கிற பக்கத்தப் பிரிச்சு வெச்சேன். தேதியப் பாத்தாங்க, போட்டோ புடிச்சுக்கினாங்க."

"என்ன சொன்னாங்க மாமா?"

"வந்து பாக்குறோம்னாங்க. அடுத்த மாசம், மூணாவது வாரம். காலைல பத்து மணிக்குன்னாங்க. நான் ஒத்துக்கல. அன்னிக்கு வத்தம் எப்போனு அந்தப் பொண்ணு சொல்லும், அந்த நேரத்துக்கு வாங்கன்னுட்டேன்."

பார்த்துவிட்டேன். அந்த வாரத்தில் இரண்டு நாள் தோதாக இருக்கிறது. இரண்டின் நேரத்தையும் எழுதிக் கடிதம் போட்டாயிற்று, நகலில் சீல் வாங்கியாயிற்று. பைப் இரண்டு புதிதாக அறுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் காலுக்கு ரப்பர் பூட்ஸ் மூன்று ஜோடி கேட்டிருக்கிறேன். அளவு தெரியாததால் பெரியதாகவே சொல்லியிருக்கிறேன்.